ஊருக்குப் பொதுவான ஒரு வீடு

"பப்" என்னும் சொல் இப்பொழுது கொழும்பு இளைஞரின் வாயிலே சாதாரணமாகப் புழங்குகின்றது. காலி வீதியில் ஓடும் பஸ்ஸிலும் கேட்கலாம். கல்லூரி வாசலிலும் கேட்கலாம். கேட்கும் பெற்றோர் முகஞ் சுளிக்கின்றனர். மதுச்சாலைக்கு நாகரிகமாகச் சூட்டிய பெயர் அது என்பது அவர்கள் எண்ணம். அந்த எண்ணத்திலே பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியைப் பற்றியே இவ்வாரம் வாசகர்களோடு உரையாட விரும்புகின்றேன். மது அருந்தாத ஒருவன் மதுச்சாலையைப் பற்றி எழுதலாமோ என்று சிலர் வினவக்கூடும். நோயில்லாதவன் வைத்தியசாலையைப் பற்றி எழுதுவதில்லையா?

"பப்ளிக் ஹவுஸ்" என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் சுருக்கமே "பப்". தமிழில் அப்படியே சொன்னால் ஊருக்குப் பொதுவான வீடு. பெயரைக் கவனியுங்கள்: கடை என்று சொல்லவில்லை, வீடு என்றே சொன்னார்கள். பழைய இங்கிலாந்திலே பியர் காய்ச்சிய குடும்பம் தன் வீட்டு முன்னறையை அயலாருக்குத் திறந்து விட்டது. வயலிலும் பட்டறையிலும் வேலை செய்து களைத்தவர்கள் அங்கே வந்து அடுப்பருகில் அமர்ந்தார்கள். 1393ஆம் ஆண்டிலே இரண்டாம் ரிச்சர்ட் மன்னன், பியர் விற்கும் வீடுகள் வெளியே ஓர் அடையாளத்தைத் தொங்கவிட வேண்டும் என்று விதித்தான். பியரைச் சுவைத்துத் தரம் பார்க்கும் அதிகாரிகள் வீட்டைச் சிரமமின்றிக் கண்டுகொள்ள வேண்டும் என்பதே அதன் நோக்கம். சிங்கம், வெள்ளைக் குதிரை, கிரீடம் என்று இன்றைக்கும் அந்நாட்டுப் பப்புகளின் வாசலில் ஆடும் பலகைகளுக்குப் பின்னால் அந்தப் பழைய வழக்கம் நிற்கின்றது. இதனைப் புதுமை என்று தமிழர் வியக்க வேண்டியதில்லை. காவிரிப்பூம்பட்டினத்திலே கள் விற்ற இடங்களிற் கொடி பறந்ததைப் பட்டினப்பாலை கற்றவர்கள் அறிவார்கள்.

நம்மிடமும் ஒரு சொல் உண்டு: தவறணை. யாழ்ப்பாணத்திலும் மலைநாட்டிலும் கள்ளுத் தவறணையை அறியாதவர் இல்லை. இச்சொல் ஐரோப்பியர் கொண்டுவந்தது. ஆங்கிலத்தின் "டவேர்ன்" என்பதற்கும் போர்த்துக்கேயரின் "தவேர்ண" என்பதற்கும் உறவானது. "தவேர்ண" என்றால் மக்கள் கூடியிருந்து உண்டு குடிக்கும் இடம். ஆனால் நாம் தவறணை என்றவுடன் எதனை நினைக்கின்றோம்? வேலிக்கு அப்பாலுள்ள ஒரு கொட்டில். யாரேனும் காண்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு நுழையும் மனிதர். சொல் கடல் கடந்து வந்தது; அதன் பொருளிற் பாதி வழியிலே தவறிப் போயிற்று.

அந்தப் பாதி எது என்று அறிய, பியர்ப் பிரியர் என்று ஒரு கூட்டத்தார் இருக்கின்றார்களே, அவர்களைச் சிறிது கவனிப்போம். 1971ஆம் ஆண்டிலே நான்கு ஆங்கிலேய நண்பர்கள் கூடி ஓர் இயக்கம் தொடங்கினார்கள். "கம்ரா" என்று அதனைச் சுருக்கமாக அழைப்பர். அக்காலத்திலே பெரிய கம்பனிகள் பியரை வடிகட்டி, அதிலுள்ள மதுவத்தை நீக்கி, உலோகக் கலனில் அடைத்து, காபனீரொட்சைட்டு வாயுவினால் தள்ளி விற்கத் தொடங்கியிருந்தன. எங்கே குடித்தாலும் ஒரே சுவை. கெட்டுப்போகும் என்ற பயமும் இல்லை. இது செத்த பியர் என்பது அந்த நண்பர்களின் முறைப்பாடு.

நம் வீட்டுத் தாய்மாருக்கு இது எளிதில் விளங்கும். மாலையில் அரைத்து வைத்த தோசைமா இரவு முழுவதும் பொங்கி, காலையில் ஒரு பதத்துக்கு வருகின்றது. அந்தப் பதம் தப்பினால் மா புளித்துப் போகின்றது. பியரும் அவ்வாறே. முளைக்கவிட்டு உலர்த்திய வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைத்து, இனிப்பான சாற்றை வடித்து, கசப்புக்கும் மணத்துக்கும் ஹொப்ஸ் என்னும் பூவைச் சேர்த்துக் காய்ச்சி, ஆறியபின் மதுவத்தை இடுகின்றார்கள். மதுவம் இனிப்பை உண்டு மதுசாரத்தையும் வாயுவையும் தருகின்றது. பழைய முறையிலே அந்த மதுவம் பீப்பாயிலும் உயிரோடு இருந்து தன் வேலையை மெல்ல மெல்ல முடிக்கும். பீப்பாய் நிலவறையிலே 11 முதல் 13 பாகை செல்சியஸ் வரையுள்ள குளிர்ச்சியில் இருக்க வேண்டும். மேலேயிருந்து கைப்பம்பியினால் இழுத்து வார்ப்பார்கள். பீப்பாயைத் திறந்தால் சில நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும். ஆகவே அதனைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். வாடிக்கையாக வந்து அருந்தும் அயலவரும் வேண்டும். ஊர் கூடாத இடத்திலே அந்தப் பியர் உயிர் வாழாது.

முப்பது பாகை வெப்பத்திலே வேகும் கொழும்பில் இவ்விதமான பீப்பாய் ஒன்றை வைத்துக் காப்பது எத்தனை கடினம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இலங்கையிலே பியர் மலையேறியே பிறந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1840களின் பிற்பகுதியிலே சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் நுவரெலியாவிற் குடியேறினார். பின்னாளில், 1864இல், ஆபிரிக்காவிலே அல்பேர்ட் ஏரியைக் கண்டு உலகுக்கு அறிவித்துப் புகழ்பெற்றவர் இவரே. ஹோர்ட்டன் சமவெளிக்குச் சென்றவர்கள் இவர் பெயராலாகிய நீர்வீழ்ச்சியைக் கண்டிருப்பார்கள். ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட அந்தக் குளிர்ந்த ஊரிலே ஓர் ஆங்கிலக் கிராமத்தை உண்டாக்க முயன்ற பேக்கரின் காலத்திலேயே அங்கு பியர் காய்ச்சும் வழக்கமும் தொடங்கியது என்பர். இன்றைய லயன் நிறுவனம் தன் பியர்த் தொழிலின் தொடக்கமாக 1881ஆம் ஆண்டைக் குறிக்கின்றது. வாற்கோதுமையும் ஹொப்ஸும் கப்பலில் வந்து மலையேறின. நீரும் குளிரும் மாத்திரமே நம்முடையவை.

அந்த மலையில் உருவாகிய கறுத்த பியருக்கு ஸ்டவுட் என்று பெயர். மைக்கல் ஜாக்சன் என்ற ஓர் ஆங்கிலேயர் அதனை உலகறியச் செய்தவர்களில் ஒருவர். ஆடிப் பாடிய அமெரிக்கர் வேறு, இவர் வேறு. யோர்க்ஷயரைச் சேர்ந்த பத்திரிகையாளராகிய இவர் 1977இல் உலகத்துப் பியர் வகைகளைப் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். இன்று தனித்தனிச் சிறு காய்ச்சுசாலைகளிலே கைப்பக்குவமாகச் செய்யப்படும் பியரைத் தேடித் திரிவோர் இவரைத் தங்கள் குருவாகக் கருதுகின்றனர். 2007இல் மறைந்த அவர், இலங்கையின் ஸ்டவுட்டைப் பாராட்டி எழுதினார். நுவரெலியாவிலே "பியர் ஷொப்" எனப்பட்ட கடையிலும், கண்டியிலே ஒரு மதுச்சாலையிலும் அது பீப்பாயிலிருந்து கைப்பம்பியால் வார்க்கப்பட்டதையும் குறிப்பிட்டார். இங்கிலாந்திலேயே அருகிவந்த ஒரு முறை, தலதா மாளிகை இருக்கும் நகரத்திலே உயிரோடிருந்தது பியர்ப் பிரியர்களுக்குப் பெரும் வியப்பாயிற்று. பின்னர் 1990களின் பிற்பகுதியிலே காய்ச்சுசாலை மலையிலிருந்து இறங்கிக் களனி கங்கைக்கு அண்மையிலுள்ள பியகமவுக்கு வந்தது. குளிரூட்டும் யந்திரங்கள் வந்தபின் மலைக்குளிருக்கு என்ன தேவை? ஆனால் கங்கை தன் கணக்கைத் தீர்க்காமல் விடவில்லை. 2016ஆம் ஆண்டு மே மாத வெள்ளத்திலே அச்சாலை மூழ்கி, மாதக் கணக்கில் வேலை நின்றது.

இந்தக் கறுத்த பியரின் குலத்தை விசாரித்தால் ஒரு விசித்திரம் வெளிப்படும். ஸ்டவுட்டின் மூதாதைக்குப் "போர்ட்டர்" என்று பெயர். பதினெட்டாம் நூற்றாண்டிலே லண்டன் வீதிகளிலும் தேம்ஸ் நதித் துறைகளிலும் சுமை தூக்கிய போர்ட்டர்கள் அதனை விரும்பி அருந்தியமையால் அப்பெயர் வந்தது. கொட்டாஞ்சேனை வாசகர்களுக்குச் சொன்னால், அது லண்டன் நாட்டாமைமாரின் பானம். துறைமுகத்திலும் புறக்கோட்டையிலும் மூட்டை சுமந்த நம் நாட்டாமைமாருக்கு அது கிட்டியதா? இல்லை. கடல் கடந்து மலையேறியபோது கூலியாளின் பானம் துரைமாரின் பானமாகி விட்டது. நுவரெலியாவிலே 1876இல் தொடங்கிய ஹில் கிளப்பிலே ஆங்கிலேயர் காலத்தில் இலங்கையர் அங்கத்தவராக முடியாது. அடுப்பருகே துரை பியரை அருந்தினார். கீழே லயத்திலே கொழுந்து கிள்ளிய குடும்பம் குளிரில் முடங்கிக் கிடந்தது. மலைநாட்டுத் தமிழனுக்கு லயன் என்றால் பத்தடி அறை. துரைக்கு லயன் என்றால் நுரை பொங்கும் கிண்ணம். எழுத்து ஒன்றுதான், வாழ்வு இரண்டு.

ஆங்கிலேயர் நமக்குக் குடியைக் கொண்டுவந்தார்கள் என்று சொல்வது வழக்கம். அது சரியன்று; கள் அவர்களுக்கு முன்பும் இருந்தது. அவர்கள் தங்கள் பானத்தைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பானத்தை நெறிப்படுத்திய பொது வீட்டை மாத்திரம் கொண்டுவரவில்லை. தமக்குக் கதவடைத்த கிளப்பைக் கட்டிக்கொண்டார்கள். நமக்குக் குத்தகைக்கு விட்ட சாராயத் தவறணையைத் தந்தார்கள். அரசாங்கத்துக்கு அதிலே வருமானம். 1912இல் மதுவரிச் சட்டம் வந்து கள்ளுத் தவறணைகள் பெருகியபோது, நாடெங்கும் மதுவிலக்கு இயக்கம் கிளர்ந்தெழுந்தது. அவ்வியக்கத்திலே பழகிய கைகளே பின்னர் சுதந்திரப் போராட்டத்தையும் நடத்தின.

அண்மையிலே என் பழைய மாணவர் ஒருவர் லண்டனிலிருந்து வந்திருந்தார். இருபது ஆண்டுகளாக அங்கு வாழ்பவர். சிறு காய்ச்சுசாலைகளின் பியரைத் தேடிச் சுவைப்பதில் ஈடுபாடுள்ளவர். கோட்டைப் பகுதியிலே ஆங்கிலப் பாணியில் அமைந்த ஒரு பப்புக்குத் தம்முடன் வருமாறு வற்புறுத்தினார். சென்றேன். கரிய மரத்தாலான நீண்ட மேசை, சுவரிலே குதிரை வேட்டைப் படங்கள், பித்தளை விளக்குகள், அம்பெறியும் பலகை எல்லாம் இருந்தன. நான்கு பக்கமும் தொலைக்காட்சி. பேச முடியாதபடி இசை. எனக்குத் தேசிக்காய்ப் பானம் வந்தது. அவருக்கு ஒரு போத்தல் ஸ்டவுட் வந்தது. அதனை அவர் உடனே அருந்தவில்லை. "சரியான குளிராயிருக்கு. கொஞ்சம் ஆறட்டும், சேர். இந்தக் குளிரிலை மணம் தெரியாது" என்றார். வறுத்த கோப்பியின் மணமும் பனங்கட்டியின் மணமும் அதிலே உண்டு என்று எனக்கு விளக்கினார். நூற்றுக்கு எட்டுக்கு மேல் மதுசாரம் உள்ளதாகையால் ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்றும் சொன்னார். அந்த ஒன்றை முடிக்க அவருக்கு ஒரு மணி நேரம் சென்றது.

"இதிலை அப்படி என்ன இருக்குத் தம்பி?" என்று கேட்டேன்.

சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்: "அப்பா குடிக்கிறவர், சேர். ஆனால் அவர் குடிக்கிறதை நாங்கள் ஒருநாளும் காணேல்லை. குடிச்சிட்டு வந்ததைத்தான் கண்டனாங்கள். லண்டனுக்குப் போன புதிசிலை, அறைக்குப் பக்கத்திலை ஒரு பப். ஒரு தகப்பன், மகன், மருமகள், ஒரு கிழவி, எல்லாரும் ஒரு மேசையிலை இருந்து கதைச்சுக்கொண்டு இருந்தவை. அந்தத் தகப்பன் இரண்டு கிளாசோடை எழும்பி வீட்டை போனார். ஒரு மனிசன் தன்ரை பிள்ளைக்கு முன்னாலை குடிச்சுப்போட்டு, நேராய் நடந்து வீட்டை போறதை நான் அண்டைக்குத்தான் முதன்முதலாய்க் கண்டனான்."

இசையின் இரைச்சலிலே அவர் இதனை இரண்டு தடவை சொல்ல நேர்ந்தது. மேசையும் விளக்கும் ஆங்கிலப் பப்பினுடையவைதாம். கதைப்பதற்கு மாத்திரம் அங்கே இடமில்லை.

ஜோர்ஜ் ஓர்வெல் என்னும் எழுத்தாளர் 1946ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஒரு லண்டன் பத்திரிகையிலே தமக்குப் பிடித்த பப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அங்கே நல்ல ஸ்டவுட் கிடைக்கும் என்று சொன்னதும் உண்மையே. ஆயினும் அவர் அடுக்கிய சிறப்புகளிற் பெரும்பாலானவை பானத்தைப் பற்றியன அல்ல. கதைப்பதற்கு அமைதி உண்டு, வானொலியும் இல்லை, பியானோவும் இல்லை, பரிமாறும் பெண்கள் வருவோரை அறிந்து வைத்திருக்கின்றார்கள், முத்திரை வாங்கலாம், பின்புறத் தோட்டத்திலே குழந்தைகள் ஊஞ்சலாட, தாய்மாரும் உடன் வந்து இருக்கலாம். கட்டுரையின் முடிவிலே, இப்படியொரு பப் உண்மையில் இல்லை என்று ஓர்வெல் சொல்லிவிடுகின்றார். ஆங்கிலேயரும் தேடிக்கொண்டிருந்த பொருள்தான் அது.

இவ்வளவும் சொன்னமையால் ஆங்கில நாட்டைப் புண்ணிய பூமி என்று நான் புகழ்வதாக எண்ணவேண்டாம். 1751இலே ஹோகார்த் என்னும் ஓவியர் இரண்டு படங்கள் வெளியிட்டார். ஒன்று பியர் அருந்தும் வீதி. மற்றொன்று ஜின் அருந்தும் சந்து. சந்திலே போதையேறிய தாயின் கையிலிருந்து குழந்தை நழுவி விழுகின்றது. அந்நாட்டிலும் குடியால் அழிந்த குடும்பங்கள் ஏராளம். இன்று அங்கே பப்புகள் பல மூடப்பட்டு வருகின்றன. மலிவான பானத்தைக் கடையில் வாங்கி வீட்டிலே தனித்திருந்து குடிப்போர் தொகை பெரிது. மதுசாரத்திலே கேடில்லாத அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2023 ஜனவரியில் அறிவித்ததும் நினைவிலிருக்க வேண்டும்.

ஆனால் நம் வீதிகளையும் சற்றே பாருங்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மதுக் கடைகளின் இரும்புக் கிறாதிக்கு வெளியே ஆண்கள் நெருக்கியடித்து நிற்கின்றனர். கையை உள்ளே நீட்டிப் போத்தலை வாங்கிக் கடதாசியில் சுற்றி இடுப்பில் மறைக்கின்றனர். போயா தினத்துக்கு முந்திய மாலையில் அந்த நெரிசலைச் சொல்லி முடியாது. பிறகு ஒழுங்கை மூலையிலோ கடற்கரைத் தண்டவாளத்தருகிலோ நின்றபடியே விழுங்கிவிட்டு வீடு போகின்றனர். சுவை என்பது அங்கே பேச்சுக்கும் இல்லை. விரைவாக ஏறவேண்டும், யாரும் காணாமல் ஏறவேண்டும். வசதியற்றவர்களுக்குக் கசிப்பு. குடிப்பதை யாரும் காண்பதில்லை. அதன் பயனை மனைவியும் மக்களும் காண்கின்றனர். சட்டம் செய்வோரும் இந்த ஒளிப்பிலேயே நம்பிக்கை வைக்கின்றனர். 2018 ஜனவரியிலே, பெண்களுக்கு மது விற்கலாகாது என்றிருந்த தடையை நிதியமைச்சர் நீக்கினார். சில நாட்களுக்குள் சனாதிபதி அதனைத் திரும்பவும் நிலைநாட்டினார். நாடு முழுவதும் அன்று பெண் வாங்கலாமா என்று வாதிட்டது. ஆண் எங்கே, எவ்வாறு குடிக்கின்றான் என்று எவரும் கேட்கவில்லை. அதைக் கேட்டிருந்தால் அநேக பெண்களுக்கு நன்மையாக இருந்திருக்கும்.

அப்படியானால் வெள்ளவத்தையில் ஒரு பப் வைக்க வேண்டுமா? எனது அபிப்பிராயம் அதுவன்று. பப்பிலே நமக்கு வேண்டியது கிண்ணம் அன்று, வீடு. மனிதன் வேலைத்தலத்தை விட்டபின், குடும்பத்தின் கவலைகளுக்குள் நுழையுமுன், ஒரு மணி நேரம் மனிதரோடு மனிதனாக இருக்க ஓர் இடம் வேண்டும். நம் முன்னோருக்கு அது இருந்தது. வீட்டுத் திண்ணை இருந்தது. கோயில் மண்டபம் இருந்தது. யாழ்ப்பாணத்துச் சந்திதோறும் வாசிகசாலை இருந்தது. ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்கப் பத்துப் பேர் கேட்டிருந்து தர்க்கம் புரிந்தார்கள். தேத்தண்ணிக் கடை வாங்கில் ஒரு கோப்பையோடு அரை நாள் அரசியல் பேசியவர்களை நம்மில் வயதானவர்கள் அறிவார்கள்.

இன்று வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலே ஒரே படிக்கட்டால் ஏறியிறங்கும் நாற்பது குடும்பங்களுக்குள் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. நிலமாடி முழுவதும் வாகனத் தரிப்பிடம். போரினாலும் தொழிலினாலும் பல ஊர்களிலிருந்து வந்து சேர்ந்த ஆண்கள் மாலையானதும் எங்கே போவார்கள்? கிறாதிக் கடை ஒன்றுதான் விளக்கேற்றி வைத்துக்கொண்டு காத்திருக்கின்றது.

அந்த நிலமாடியிலே இரண்டு வாகனங்களுக்குரிய இடத்தை ஒதுக்குங்கள். நான்கு வாங்குகள், அன்றைய பத்திரிகைகள், ஒரு கரம் பலகை, ஒரு சதுரங்கப் பலகை, தேநீருக்கு ஒரு கேத்தல்: இவை போதும். தொலைக்காட்சி வேண்டாம். பெண்களும் பிள்ளைகளும் வரட்டும். தகப்பன் இருக்கும் மேசையிலே மகனும் இருக்கட்டும். செலவு ஒரு குடும்பத்துக்கு மாதம் ஒரு சினிமாச் சீட்டளவுதான் ஆகும். குடியை அது ஒரேநாளில் ஒழித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாலை ஏழு மணிக்கு "அப்பா எங்கே?" என்று பிள்ளை கேட்கும்போது, "கீழேதான் இருக்கிறார், போய்ப் பார்" என்று தாய் பயமின்றிச் சொல்லக்கூடியதாக இருக்கும்.